பலாப்பழம் பேசாது

பலாப்பழம் எனக்கு ஒத்துக்கொள்ளாது மேடம். இரண்டு சுளை சாப்பிட்டாலே வயிறு பொருமிக்கொள்ளும். பண்ருட்டிப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், மரியாதைக் குறைவாகக்கூட எடுத்துக்கொள்வார்கள். கொளஞ்சி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மற்றவர்களுக்குப் பழம் கொண்டுவருவான், எனக்கு மட்டும் தனியாக ஒரு பொட்டலம் வறுத்த முந்திரி. நல்லவன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அவனுக்காக வாதாடுகிறவர் நீங்கள் என்பதால்தான் சிதம்பரத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் வரை வந்தேன். நிதானமாகவே சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்டால் எனக்கு வரிசை தப்பிப்போகும்.

நான் கடலூர் ஓல்டு டவுன்காரன், ஓ.டி. என்பார்கள். 2004-இல் ஒரு டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கட்சி நோட்டீஸ், இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. அதன்பிறகு இரண்டு வாரம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தவிர வேறு வேலை இல்லை. இறந்தவர்களுக்குத் தனிப் போட்டோ இருக்காது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குழுப் படத்தைக் கொண்டுவந்து, "இதுல மூணாவதா நிக்கறாங்களே, அவுங்கதான்" என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். நான் அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பின்னால் வானத்தை வைப்பேன். கல்யாணப் படம் என்பதால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர், "கொஞ்சம் சோகமா பண்ண முடியுமா தம்பி?" என்று கேட்டார். இரண்டு உதட்டோரத்தையும் ஒரு துளி கீழே இழுத்தேன். போதுமானதாக இருந்தது. ஒரு முகத்தில் எதை எவ்வளவு நகர்த்தினால் பார்க்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பது அந்த இரண்டு வாரத்தில் என் கைக்கு வந்துவிட்டது.

பிறகு சி.டி. அட்டைகள் செய்தேன். ஒரே டிஸ்க்கில் மூன்று படம் போட்டு விற்பார்களே, அதற்கான அட்டை. படத்தில் இல்லாத ஹெலிகாப்டரை எல்லாம் அட்டையில் பறக்கவிட வேண்டியிருக்கும். 2008-இல் சிதம்பரம் வந்து மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சொந்தமாக ஃப்ளெக்ஸ் டிசைன் கடை போட்டேன். தங்குவதற்குக் கிடைத்த மாடி அறையைப் பகிர்ந்துகொள்ள வந்தவன்தான் கொளஞ்சி. பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர்க்காரன். எம்.எஸ்ஸி. பி.எட். முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தான். அவர்கள் வீட்டில் முந்திரிக்காட்டைத் தாண்டிப் படித்த முதல் ஆள் அவன். அப்பா இல்லை, அம்மா தங்கம்மாள் மட்டும். ஒரு வாரத்தில் நாங்கள் மச்சான் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

2009 மே மாதம் அவனுக்குக் கடலூரில் பெண் பார்த்தார்கள். இலக்கியா என்று பெயர், நர்ஸ். பெண் வீட்டுக்குக் கொடுப்பதற்காகத் தங்கம்மாள் தன் மரத்திலேயே பெரிய பழமாகப் பார்த்து இறக்கிக் கொடுத்தார். பண்ருட்டியில் பஸ் ஏறினால் ஒரே கூட்டம். பழத்தைக் கீழே வைக்க இடமில்லை. கொளஞ்சி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கடலூர் வரை உட்கார்ந்து வந்தான். கூடப் போன அவனுடைய மாமன் மகன் கதிரவன் அதைச் செல்போனில் படம் எடுத்துவிட்டான். கதிரவன் அப்போது என்ஜினியரிங் இரண்டாம் வருஷம், வயசில் சின்னவன் என்பதால் கொளஞ்சியை மாமா என்றுதான் கூப்பிடுவான். காலேஜ் பையன்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, மறுநாள் கொளஞ்சிக்குத் தெரியாமல் கடைக்கு வந்து எனக்கும் அதை புளூடூத்தில் அனுப்பினான்.

"செல்வண்ணே, இத ஒரு காப்பி பெரிசா போட்டுக் குடுங்க. மாமா கல்யாணத்தன்னிக்கி மேடைக்குப் பக்கத்துல வச்சிடறேன்."

பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு குழந்தை கனத்துக்குப் பழம். முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு. தேசத்தையே ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பது போல எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். பெண் வீட்டில் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தானாம், பிற்பாடு சொன்னான். அந்த மாதிரி முகம் வருஷத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிகம்.

ஒரு மத்தியானம் கடையில் வேலை இல்லை. பழைய சி.டி. அட்டை மாதிரி ஒன்று செய்து பார்க்கலாம் என்று அந்த முகத்தை வெட்டி எடுத்தேன், பழத்தோடு. பின்னால் வெடிக்கிற லாரி, மூன்று ஹெலிகாப்டர், ஓரத்தில் அசை போட்டபடி ஒரு பசுமாடு. தீப்பிடித்த எழுத்தில் தலைப்பு, 'பலாப்பழம் பேசாது'. அதன் கீழே, 'இந்த முறை கொட்டையோடு'. அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், 'முழுநீள வண்ணச் சித்திரம், இடைவேளைக்குப் பிறகு மட்டும். இதில் வரும் அனைவரும் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.' எனக்கே சிரிப்பு வந்தது. ஆர்குட்டில் சினிமாவைக் கிண்டல் செய்கிற ஒரு குழு இருந்தது. வேறு பெயரில் கணக்கு தொடங்கி அதில் போட்டேன்.

யாரும் அது பொய் அட்டை என்று சொல்லவில்லை. அதுதான் நான் எதிர்பார்க்காதது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டதாகவே எழுத ஆரம்பித்தார்கள். இடைவேளையில் அழுதுவிட்டேன் என்று ஒருவன். கிளைமாக்ஸை மாற்றியிருக்கலாம் என்று இன்னொருவன். கிளைமாக்ஸ் சரிதான், பசுமாட்டுக்குத்தான் டப்பிங் சரியில்லை என்று மூன்றாவது ஆள். இல்லாத படத்துக்கு ரசிகர் மன்றம் வந்தது. நான் ஒவ்வொன்றையும் படிப்பேன். அன்றைக்கு எத்தனை பேர் புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் காலையில் கடையைக் கூட்டுவேன்.

நான்காம் நாள் கொளஞ்சியிடம் பிரவுசிங் சென்டரில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அறைக்கு வந்து அவனும் சிரித்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், முதலில் அவனும் சிரித்தான்.

"மச்சான், எவனோ என்னை ஈரோவாக்கிட்டான்டா. யாருன்னு தெரியுதா ஒனக்கு?"

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். வாயில் இட்லி இருந்தது. தலையை ஆட்டினேன், தெரியாது என்று. ஒரு தடவை தெரியாது என்று சொன்ன பிறகு தெரியும் என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது மேடம்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் பிடித்துக்கொண்டது. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, எக்ஸின் மதிப்பு என்ன என்று கேட்டிருக்கிறான். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "பலாப்பழம் பேசாது சார்." வகுப்பே சிரித்தது, அவனும்தான். மறுநாளும் அதே பதில். அடுத்த வாரம் எந்தக் கேள்வி கேட்டாலும் நாற்பது பேரும் சேர்ந்து அதையே சொன்னார்கள். அரையாண்டுப் பரீட்சையில் நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி ஒரு கணக்கை முழுக்கச் சரியாகப் போட்டுவிட்டு, கடைசியில் 'ஆகவே பலாப்பழம் பேசாது' என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"இவ ஒருத்திதான்டா பாக்கி இருந்தா. இவளும் எழுதிட்டா."

பிறகு கேட்டான், "நீ கம்ப்யூட்டர்க்காரன். இத எடுக்க முடியாதா மச்சான்?"

அப்போது அது அந்தக் குழுவையும் அதிலிருந்து எடுத்துப் போட்ட ஏழெட்டு இடங்களையும் தாண்டவில்லை. என் கணக்கில் இருந்ததை அழித்துவிட்டு, மற்றவர்களுக்கும் அழிக்கச் சொல்லி எழுதியிருந்தால் அநேகமாக நின்றிருக்கும். அவன் போன பிறகு அழிப்பதற்காகத்தான் உள்ளே போனேன். புதிதாக ஒரு வரி வந்திருந்தது. 'இதைச் செய்தவன் யாராக இருந்தாலும் அவன் ஒரு மேதை.' அதை இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தெரிந்து என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. சாயங்காலம் அறைக்குப் போய், "கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கேன் மச்சான், பாப்போம்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

2010-இல் அது ஃபேஸ்புக்குக்குப் போனது. அதற்கப்புறம் என் கையில் இல்லை. இதை நான் தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை, அதுதான் உண்மை. டீ ஷர்ட்டில் வந்தது. ஒரு கல்லூரி விழாவில் நூறு பையன்கள் மடியில் பலாப்பழம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்களாம். பண்ருட்டியில் சி.டி. கடைகளில் அந்தப் படம் இருக்கிறதா என்று நிஜமாகவே கேட்டார்கள். கொளஞ்சி ஒருநாள் ஒரு ஸ்டேஷனுக்குப் போனான். யார் மேல் புகார் என்று கேட்டார்கள். தெரியாது என்றான். என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள். சிரிக்கிறார்கள் என்றான். அங்கிருந்த ஏட்டு எழுந்து வந்து, "என் புள்ள ஒங்க ஃபேன் சார்" என்று பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டாராம். கெட்ட மனிதர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார். யாருமே கெட்ட மனிதர்கள் இல்லை மேடம். அடிக்க வந்திருந்தால் அவன் திருப்பி அடித்திருப்பான்.

அந்த வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். வகுப்பு அடங்கவில்லை என்பதுதான் காரணம், அதிலும் பொய் இல்லை. பேசி முடித்த கல்யாணம் இந்தக் கூத்தில் தள்ளிக்கொண்டே போயிருந்தது, பொங்கல் கழிந்து ஒரு மாதத்தில் இலக்கியா போன் செய்தாள். அவன் என் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான், தனியாகக் கேட்கப் பயந்துகொண்டு.

"ஒங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்லீங்க. வார்டுல ஊசி போடப் போனாகூட பேஷன்ட்டுங்க கேக்கறாங்க, பலாப்பழத்தைத்தான கட்டிக்கப் போறீங்கன்னு. எங்க அப்பா வெளிய போறதையே வுட்டுட்டாரு. நான் என்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

அவன், "சரிங்க" என்றான். "நீங்க நல்லாருங்க" என்றும் சொன்னான். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, முகத்தை மூடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே அழுதான். பகல் பதினொரு மணி இருக்கும். கதவு வழியாக வந்த வெயில் பக்கவாட்டில் விழுந்திருந்தது. என் மானிட்டர் மேலே வெப்கேமரா மாட்டியிருந்தேன், அவசரத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க. எனக்கும் கண் கலங்கியிருந்தது. அதைச் சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ இல்லையோ. கை மவுசில்தான் இருந்தது. மூன்று படம் எடுத்தேன்.

அடுத்த அட்டை அதுதான். 'பலாப்பழம் பேசாது, பாகம் நான்கு. இரண்டும் மூன்றும் எடுக்கப்படவில்லை.' பின்னால் எதுவும் வைக்கவில்லை, வெறும் வெள்ளை. அழுகிற முகமும் மடியில் பழமும் மட்டும். உதட்டோரத்தைத் தொடவே இல்லை, தேவைப்படவில்லை. முதல் அட்டையைவிட அது பத்து மடங்கு போனது. நியாயமாகப் பார்த்தால் அது நல்ல வேலைதான்.

பத்து நாள் கழித்து அதை அவன் பார்த்துவிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மெதுவாக யோசித்துக்கொண்டே கேட்டான்.

"மச்சான், இது நான் நெசமாவே அழுவறது. இத யாரு எடுத்துருப்பா? நான் யாரு முன்னாடி அழுதேன்?"

அவனுக்கு வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தை நான் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒன் முன்னாடி அழுதேன். அம்மா முன்னாடி. வேற?"

அப்போதுதான் சொன்னேன். இந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மாற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை. "பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஒங்க மாமா வூட்லயும் அழுதன்னு சொன்னியே" என்றேன்.

கதிரவன் பெயரை நான் சொல்லவில்லை. மாமா வீடு என்றுதான் சொன்னேன். முதல் படத்தை எடுத்தவன் கதிரவன் என்பது அவனுக்கே தெரியும். "சின்ன வயசுல நான்தான்டா அவனுக்குச் சைக்கிள் கத்துக்குடுத்தேன்" என்றான். அதோடு விட்டுவிட்டான். நானும் விட்டுவிட்டேன்.

அதிலிருந்து மூன்று மாதத்துக்குமேல் அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தெருவில் இறங்கினால் துண்டால் முகத்தைக் கட்டிக்கொள்வான், கட்டினாலும் கண்ணை வைத்தே கண்டுபிடித்தார்கள். சோறு வாங்கி வந்து வைப்பது, துணியை லாண்டரிக்குப் போடுவது எல்லாம் நான்தான். உடம்புக்கு முடியாதவனைப் பார்த்துக்கொள்வது போலத்தான் பார்த்துக்கொண்டேன். தங்கம்மாள் ஒருமுறை வந்தபோது என் கன்னத்தைத் தொட்டு, "நீ இருக்கறதாலதான் எம்புள்ள உசுரோட இருக்கான்" என்றார்.

2011 ஜூன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

"ஊருக்குப் போறேன் மச்சான். காட்டுல பழம் எறக்கறாங்களாம், கதிரவனும் இருப்பான். நேரா கேட்டுடறேன். ஏன்டா செஞ்சன்னு ஒரே ஒரு வார்த்தை. அவன் ஒத்துக்கிட்டா போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்."

அவனிடம் அப்போது உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். வண்டியில் கூட்டம் அதிகம். நான் முண்டி ஏறி ஜன்னலோரமாக அவனுக்கு ஒரு சீட் பிடித்துக் கொடுத்தேன். "வெயில் ஜாஸ்தியா இருக்கு, தண்ணி வாங்கிக்கோ" என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.

மீதி அவனே எனக்குச் சொன்னது. தோப்பில் நாலைந்து பேர் பழத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கதிரவன் கத்தியை வைத்துக்கொண்டு காம்பு நறுக்கிக்கொண்டிருந்தான். கொளஞ்சியைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தானாம். கொளஞ்சி கேட்டிருக்கிறான், "நீதான செஞ்ச?" கதிரவனுக்குப் புரியவில்லை. விளையாட்டுக்குக் கேட்கிறான், மாமா பழையபடி தேறிவிட்டான் என்று நினைத்திருக்கிறான். ஊரே இரண்டு வருஷமாக என்ன பதில் சொல்லிக்கொண்டிருந்ததோ அதையே அவனும் சிரித்துக்கொண்டு சொன்னான். ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். கத்தி கீழேதான் கிடந்தது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் கதிரவன் போய்விட்டான். இருபத்தொரு வயசு. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் நான்தான் செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

கொளஞ்சியை ஜெயிலில் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எல்லாரும் வுட்டுட்டாங்க, நீ ஒருத்தன்தான்டா வர்ற" என்பான். போன மாதம் வேறு ஒன்று கேட்டான். "சாவறப்பகூட நான் இல்ல மாமான்னுதான்டா சொன்னான். ஒருவேளை அவன் செய்யலையோ?" "இப்ப அத நெனச்சி என்னா ஆவப்போவுது மச்சான்" என்றேன். அவன் கொஞ்சம் சமாதானமானது போலத்தான் தெரிந்தது.

அவனைப் போலீஸ் கூட்டிப்போகிற படம் பேப்பரில் வந்ததே, அதை வைத்தும் எவனோ ஒரு அட்டை செய்து 'பாகம் ஐந்து' என்று போட்டிருக்கிறான். நீங்கள் பார்த்திருக்கலாம். அது என்னுடையது இல்லை. முகத்தைச் சுற்றி வெட்டு சுத்தமாக இல்லை, எழுத்தும் பொருந்தவில்லை. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே என் இரண்டு அட்டைகளையும் அழித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆயிரக்கணக்கான இடத்தில் இருக்கிறது. நான் வேண்டாம் என்று நினைத்தாலும் இனிமேல் அது நிற்காது.

இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பையில் ஒரு வாரப் பத்திரிகை வைத்திருக்கிறேன், போன வாரத்து இதழ். நடுப்பக்கத்தைப் பாருங்கள். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருக்கிற ஒருவன், 'பலாப்பழம் பேசாது' அட்டையைச் செய்தது தான்தான் என்று பேட்டி கொடுத்திருக்கிறான். கண்ணாடி போட்டுக்கொண்டு, கைகட்டி, பெரிய போட்டோ. ஹெலிகாப்டர் யோசனை அவனுக்குக் குளிக்கும்போது வந்ததாம். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனிதன் இப்படிப் பொய் சொல்லலாமா மேடம்?

இந்த சி.டி.யில் இரண்டு அட்டையின் மூல ஃபைலும் இருக்கிறது. மாடு தனியாக, லாரி தனியாக, எழுத்து தனியாக அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் அட்டையின் தேதியும் இருக்கிறது, 2009 மே. வெப்கேமராவில் எடுத்த மூன்று படமும் இருக்கிறது. அவனுக்கு என்ன மன நிலைமை இருந்தது, யார் அவனைத் திசை திருப்பினார்கள் என்று நீங்கள் கோர்ட்டில் காட்டுவதற்கு இது உதவும் என்றால் நல்லதுதான். கொளஞ்சிக்கு நல்லது நடந்தால் எனக்குச் சந்தோஷம். என்மேல் என்ன செக்‌ஷன் வரும் என்று தெரியவில்லை, வரட்டும். படத்தைப் போட்டது நான். அவன் அழும்போது எடுத்தது நான். கதிரவன் பக்கம் கையைக் காட்டியது நான். அந்தச் சென்னைக்காரன் இதில் எதையும் செய்யவில்லை.

தட்டச்சு செய்து கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செந்தமிழ்செல்வன், நடுவில் 'ச்' வராது. பேப்பர்காரர்கள் எப்படியும் வந்து உங்களிடம்தான் கேட்பார்கள், அப்போது தப்பாகப் போய்விடக் கூடாது.